எண்ணிய காற்று

உச்சிப்புளி ரயில்வே கேட்டில் அணைந்தது.
அதற்கு முன் பெருங்குளம் வேகத்தடையில்.
அதற்கும் முன், பாம்பன் பாலத்தின் நடு முதுகில்,
பின்னால் மீன் லாரி ஹாரனை விடாமல் அழுத்த.

"ஓடும்போது நிக்காதுண்ணே,
காலை எடுத்தாத்தான் நிக்குது" என்றார் முஸம்மில்.
கீழக்கரைக்காரர். ஷார்ஜாவில் மூக்குக்கண்ணாடிக் கடை.
வருஷத்துக்கு நாற்பது நாள் விடுப்பு,
அதில் ஒன்பதை இந்த பானெட் தின்றுவிட்டது.

கறுப்பு ஆக்டேவியா.
பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர்,
சிவப்பு சிலிக்கான் குழாய்கள்,
ஆபரேஷன் முடிந்து தைக்க மறந்த வயிறு மாதிரி.

இந்தக் கரையில் எந்த வண்டிக்கும்
முதல் சந்தேகம் உப்பின் மேல்தான்.
எர்த் ஒயரின் முனையில் பச்சை பூத்திருந்தது.
தேய்த்துப் பூட்டினேன். அணைந்தது.
பெட்ரோல் பம்பின் அழுத்தம் சரி.
குழாயில் எங்காவது கசிவோ என்று
பூமிராஜ் டப்பாவில் கங்கு போட்டு
சாம்பிராணி தூவி
சைக்கிள் பம்பால் எஞ்சினுக்குள் புகை ஏற்றினான்.
ஒரு இழை வெளியே வரவில்லை.
பட்டறைக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வாசனை.

பிளக்கைக் கழற்றினேன்.
நாலும் கரி.

பட்டினியில் சாகவில்லை இது.
தின்று திணறிச் சாகிறது.

ஓட்டிப் பார்த்தேன், அவர் பக்கத்து சீட்டில்.
மண்டபத்தைத் தாண்டி இருபுறமும் கடல்.
மூன்றாவது கியரில் டர்போவின் விசில்
ஏறி ஏறிக் காதைத் தொடும்போது
காலை எடுத்து கிளட்சை மிதித்தேன்.
ப்ஸ்ஸ்ஷ்ஷ்.
முஸம்மில் முகத்தில் பெருநாள் பிறை.
முள் சரிந்தது. எழுநூறு. நானூறு.
அப்புறம் டயர் உருளும் ஓசை மட்டும்.

திரும்பவும் ஓட்டினேன். சீறல், சாவு.
மெதுவாகப் போய் மெதுவாகக் காலை எடுத்தேன்.
சீறவில்லை. சாகவும் இல்லை.

காற்று கூடினால் ரயிலையே நிறுத்தும் பாலத்தைப் பார்த்தபடி
வண்டியை ஓரம் கட்டிச் சொன்னேன்:
"காக்கா, வாசல்ல ஒரு சென்சார் இருக்கு.
உள்ள போற காத்தை எண்ணி
கம்ப்யூட்டருக்குச் சொல்லும், இத்தனை பேருன்னு.
அது அத்தனை இலை போட்டு பெட்ரோல் பரிமாறும்.
நீங்க காலை எடுத்ததும் இந்த வால்வு
எண்ணின காத்தை ரோட்டுல விட்டுருது.
பந்தியில ஆளில்ல. இலை நிறையச் சோறு."

"போனது அதுக்குத் தெரியாதா?"

"வாசல்ல எண்ணுறவனுக்கு
கொல்லைக் கதவு தெரியாது."

ஷார்ஜாவிலிருந்து சூட்கேசில்,
சட்டைகளுக்கு நடுவே பொதிந்து
அவரே கொண்டுவந்த வால்வு அது.
நான் தலையை நிமிர்த்தவில்லை.
கம்பெனி வால்வையே மாட்டினேன்,
காற்றை வெளியே விடாமல்
டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்புவது.
ஊமை.

கேட்டில் நிற்கவில்லை, வேகத்தடையில் நிற்கவில்லை.
எண்ணூறில் முள் ஆணி அடித்த மாதிரி.
அவர் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றினார்,
வாங்கிவந்த ஆட்டுக்கு வாயில்லை என்று
வீட்டில் வந்து கண்டுபிடித்தவர்போல.
பணம் கொடுத்தார். பேரம் இல்லை.
"அந்தப் பழசைப் பேப்பர்ல சுத்திக் கொடுங்க" என்றார்.
பூமிராஜ் என்னைப் பார்த்தான்.
சுற்றிக் கொடுத்தோம்.

அவர் விமானத்துக்கு முந்தின ராத்திரி,
மணி இரண்டு இருக்கும்,
பட்டறைக் கட்டிலில் கொசுவோடு கிடந்தேன்.
பாம்பன் பக்கம் போகும் ரோட்டில்
அந்த விசில் ஏறி வந்தது.
கேட் பக்கம்
ப்ஸ்ஸ்ஷ்ஷ்.

எழுந்து உட்கார்ந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
தவளைச் சத்தம்.
செல்ஃப் மோட்டார் ஒருதரம் முனகியது,
இன்னொருதரம்,
பிடித்துக்கொண்டது.