முப்பத்தேழு பென்ஸ்

ஸ்விண்டனில் நாங்கள் கூட்டுக் கணக்குத் திறந்த வங்கி
இப்போது கோப்பிக்கடை.
பெட்டக அறையில் கழிப்பறை வைத்திருக்கிறார்கள்.
அந்த இரும்புக் கதவை மட்டும் பெயர்க்க முடியாமல்
நீல வர்ணம் பூசி விட்டிருக்கிறார்கள்.
அதன் பக்கத்து மேசையில் குகநேசன்.
எனக்கு முந்தியே வந்து
சீனியில்லாக் கோப்பி வாங்கி வைத்திருந்தான்.
நான் சீனி போடத் தொடங்கி ஒரு வருடமாகிறது.

சொல்லவில்லை. குடித்தேன்.

ஒக்ரோபரிலேயே நீதிமன்றம் பிரித்துவிட்டது எங்களை.
கடன் மதிப்பெண் போடுபவர்களுக்கு அது போதாது.
என் பெயரைத் தட்டினால்
பக்கத்தில் அவன் பெயரும் எழும்பி வருகிறது,
நிதித் தொடர்பு உண்டு என்று.
மோதிரம் கழற்ற சவர்க்காரம் போதுமாயிருந்தது.
இதற்கு, முதலில் கணக்கை மூட வேண்டும்,
பிறகு படிவம்.

பதினான்கு வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை.
அவனுக்குக் காசென்றால் காசு.
எனக்கோ ஒவ்வொரு பவுணையும்
நல்ல இடம் பார்த்துக் குடிவைக்க வேண்டும்.
கணக்கு மாற்றினால் நூற்றெழுபத்தைந்து தருகிறோம் என்றார்கள்,
ஒரே குளிர்காலத்தில் மூன்று வங்கி மாறினேன்.
அந்தக் காசில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி
இப்போது அவன் வீட்டில் உறுமுகிறது.

கைபேசியை அவன் பக்கம் திருப்பினேன்.
"உன் பங்கை என்ன செய்யப் போகிறாய்?
நினைத்தபோது எடுக்கலாமென்றால் நாலு வீதம்.
ஒரு வருடம் தொடாமலிருந்தால் நாலரை.
பங்குச் சந்தை, ஐந்து வருடம்
மறந்திருக்கத் தெரிந்தவர்களுக்கு."
"எனக்கு மறக்கத் தெரியும்."
"நான் காசைச் சொல்கிறேன்."
"நானும்தான்."

கடனட்டையில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
சோபா, பல்வைத்தியர், அவன் தங்கையின் விமானச்சீட்டு.
பூச்சிய வட்டி அட்டைக்கு மாற்றிவிட்டால்
இருபத்தொரு மாதம் நிம்மதி.
இருபத்திரண்டாவதில் இருபத்துநாலு வீதமாகக் கடிக்கும்.
மாற்றுக் கூலி மூன்று வீதம், அதையும் கூட்டு என்றேன்.
அவன் கூட்டவில்லை,
பாதி பாதி என்றான், கூட்டாமலே.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.
மாதம் எட்டுப் பவுண், நாலு வருடமாக.
"இது என்ன?"
"உன் சைக்கிள் காப்புறுதி."
"அது களவுபோய் நாலு வருடமாகிறது!"
"நிறுத்த மறந்துபோச்சு."

முந்நூற்று எண்பத்துநாலு.
எட்டுப் பென்ஸ் கூட என்று
பால் வாங்கக் கடை மாறுகிற எனக்கு
கோபம் வந்திருக்க வேண்டும்.
அந்தச் சிவப்புச் சைக்கிளை இன்று யாரோ ஒருவன்
ஐந்து சுழல்சந்தியும் ஒன்றாய்ச் சேரும் அந்த இடத்தில்
கதிகலங்கி ஓட்டுகிறான்.
அவன் விழுந்தெழும்பும் ஒவ்வொரு தடவைக்கும்
நாங்கள் கட்டியிருக்கிறோம்.
சிரித்துவிட்டேன். அவனும்.
பக்கத்து மேசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது.

கிளை இல்லாததால் தொலைபேசியில்தான் மூட வேண்டும்.
ஸ்கொட்லாந்து உச்சரிப்பில் மொய்ரா என்றொருத்தி.
இருவரும் சம்மதமா என்று தனித்தனியே கேட்டாள்.
ஒரே கைபேசிக்குள் குனிந்து
ஆம் என்றான். ஆம் என்றேன்.
முன்பொரு முறை, பதிவாளர் முன்னால்,
இதைவிடச் சத்தமாகச் சொல்லியிருக்கிறோம்.

"ஒரு சின்னச் சிக்கல்," என்றாள் மொய்ரா.
"முப்பத்தேழு பென்ஸ் வட்டி
ஒன்றாம் திகதிதான் விழும்.
அதுவரை மூட முடியாது.
விழுந்ததும் யாருக்கு அனுப்ப?"

"அவளுக்கு."
"அவருக்கே அனுப்புங்கள்."

"பேசி முடிவெடுத்துவிட்டு
ஒன்றாம் திகதி எடுங்கள்," என்றாள்,
"இரண்டு பேரும் சேர்ந்து."

நாட்காட்டியைத் தேடினான்.
புதன்கிழமை. அவனுக்கு இரவு வேலை.
காலையில் வரலாம், பத்துக்குப் பிறகு.
சரி என்றேன்.

இன்னொரு கோப்பிக்கு எழும்பினான்.
"எனக்கு இரண்டு சீனி," என்றேன்.
நின்று திரும்பிப் பார்த்தான்,
மாத அறிக்கையில்
தனக்குத் தெரியாத ஒரு பற்றைப்
பார்ப்பது போல.