சுக்கு எவிடெ?

வேலந்தாவளத்தில் எடைமேடைக்கு மேலே
ஒற்றை ஜன்னல் அறையில்
வெள்ளிதோறும் ஆடுகிறோம், நாலு பேர்.
லாரி மேடை ஏறினால் மேசை அதிரும்.
உருண்டு நின்ற பகடை
மனசு மாறி இன்னொரு பக்கம் புரளும்.
அதனால் எங்களுக்கென்றே ஒரு விதி:
கீழே வண்டி நிற்கையில் விழுந்த எண்
செல்லாது.

ஆட்டத்தை நடத்துகிறவன் நான்.
பழைய பெர்மிட் தாளின் பின்பக்கம்
குகையும் கோட்டையும் கயிற்றுப் பாலமும் வரைவேன்.
பூதத்துக்கு என் குரல்தான்.
பாலத்தில் சுங்கம் கேட்கும் சூனியக்காரிக்கும்.

மயில்சாமி பகலில் லாரி புரோக்கர்,
இரவில் காடோடி.
நாலாம் வாரம் ஒரு செந்நாயைப் பழக்கினான்.
சுக்கு என்று பேர் வைத்தான்.
வரைபடத்தில் அது ஒரு சோடா மூடி.

கொஞ்ச நாள் கொஞ்சினான்.
பிறகு, பூட்டிய அறையா, சுக்கு முன்னால் போகட்டும்.
தரையில் பொறியா, சுக்கு மிதித்துப் பார்க்கட்டும்.
கல்பாம்பு வாயைத் திறந்தால்
"சுக்கு, கவ்வு!"
விலங்கை ஏவினால் உனக்கு ஒரு சுற்று போகும் என்று
விதிப்புத்தகத்தைக் காட்டினேன்.
"நாய்க்கு எதுக்குங்க கட்டளை?
அதுவாப் புரிஞ்சுக்கும்" என்றான்.
அடி விழுகையில் மட்டும்
அது நாயில்லை,
இருபத்திரண்டு உயிர்ப்புள்ளி.
அதன் தீனிக் கணக்கை டிட்டோ
என்றைக்கோ ரப்பரால் அழித்துவிட்டான்.
அம்புகளை எழுத இடம் போதவில்லையாம்.

ரம்லத்துக்கு எதிர்ச் சாவடியில் வேலை,
கால்நடைப் பிரிவு.
மந்திரவாதியாக ஆடுவாள். பேச்சு குறைவு.
நேற்று, பாலம் தாண்டி மூன்றாம் அறையில்
நாங்கள் புதையலைப் பங்கு வைக்கையில்
அவளுக்குப் போன் வந்தது.
மாட்டு லாரி.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன்.
தார்ப்பாயைத் தூக்கி உள்ளே வெளிச்சம் விட்டு
கொம்பு கொம்பாக எண்ணினாள்.
டிரைவர் தாளை ஆட்டி ஆட்டிக் காட்டினான்.
அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.
பிறகு குனிந்து
கால்களுக்கு இடையே டார்ச்சைப் பிடித்தாள்.
வெகுநேரம் பிடித்தபடியே இருந்தாள்.

திரும்பி வந்தபோது சட்டைக் கையில் வைக்கோல்.
"தாளில பதினாறு. உள்ள பதினேழு.
ஒண்ணு அடியில கெடக்கு,
மத்ததெல்லாம் அது மேல நிக்குது."
வேறெதுவும் சொல்லவில்லை.
கை கழுவினாள். உட்கார்ந்தாள்.
வரைபடத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"சுக்கு எவிடெ?"

மூன்று அறை தள்ளி,
பாலத்துக்கு அந்தப் பக்கம்,
டீ கிளாஸ் விட்ட ஈர வளையத்துக்குள்
சோடா மூடி.

"கூடவே வந்திருக்குமுங்க" என்றான் மயில்சாமி.
"வந்துச்சுன்னு யாரு சொன்னா?"
யாரும் சொல்லவில்லை.
"கயித்துப் பாலம். அதுக்கு நாலு கால்.
தூக்கிட்டுத்தான் வரணும். யாரு தூக்கினா?"
என்னைப் பார்த்துக் கேட்கவில்லை,
ஆனாலும் எனக்குக் கூசியது.
பாலம் அறுந்து ஆடுவதை அரைமணி நேரம் வர்ணித்தவன் நான்.

டிட்டோ பையிலிருந்த எண்ணெயை எண்ணினான்.
தீப்பந்தம் திரும்பி வர மட்டும்தான் காணும்,
புதையலைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.
மயில்சாமி பதில் பேசாமல்
செந்நாயின் தாளை இழுத்துவைத்து
தீனி என்ற இடத்தில் எழுத
பென்சில் தேடினான்.

திரும்பினோம்.
மூன்று அறை, பாதி இருட்டு, பாலத்தின் முனை.
"என்ன தெரியுது?" என்று என்னைக் கேட்டார்கள்.

பூதத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறேன்,
செத்த அரசனுக்குக் கொடுத்திருக்கிறேன்.
விட்டுப்போனவர்கள் வருவதைப் பார்க்கும் நாய்க்கு
என்னிடம் எதுவும் இல்லை.
அது அங்கே இருக்கிறதா என்பதே
எனக்கு இன்னும் தெரியாது.

"வாலாட்டுதா?" என்றாள் ரம்லத்.

பகடையை எடுத்தேன்.
கீழே ஏதோ வண்டி மேடை ஏறியது.
கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டின.
அது இறங்கட்டும் என்று
உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தேன்.