காரணம்: மழை

மூன்று மோட்டார். ஒன்று ரிப்பேரில்.
ஐப்பசி மழைக்கு அது தெரியாது.

சல்லடையில் வழக்கம்போல் பனியன் வெட்டுத்துண்டுகள்,
ஊதா, மஞ்சள்,
ஏதோ வெளிநாட்டுக் குழந்தைக்கு அளந்த கைப்பகுதி ஒன்று.
கொக்கியில் மாட்டி மாட்டி இழுத்துப் போட்டேன்.
மற்ற நாளில் திருப்பூர் குடித்தது மட்டும் இங்கே வரும்.
இன்று வானமும் கூட வருகிறது.
பதினொன்றேகாலுக்குக் கிணறு சிவப்புக் கோட்டைத் தொட்டது.

போன்.
"ஏனுங், பள்ளக்காட்டுல மூடி தூக்கீருச்சுங்.
ஊட்டுக்குள்ள வந்துரும்ங்."
மயிலாத்தாள். ஆறாவது மழை, ஆறாவது போன்.
"சித்தெ பொறுங்க்கா" என்றேன்,
தண்ணீரிடம் சொல்ல வேண்டியதை.

ஓடைப்பக்க வால்வுக்கு முப்பத்திரண்டு சுற்று.
திறந்தால் நொய்யல் குடிக்கும்.
திறக்காவிட்டால் மயிலாத்தாளின் அடுப்படி.
பதினாறில் நிறுத்தினேன்.
இரண்டும் பாதிப் பாதி நாறின.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'மழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாசியில் வந்த புது ஏ.இ. சகாயராணி
அதையெல்லாம் புரட்டிப் பார்த்துக் கேட்டார்:
"மூடி போட்ட குழாய்க்குள்ள
மழை எப்படிண்ணா போச்சு?"

காய்ந்த ஒரு சனிக்கிழமை
கரட்டுமேட்டுச் சாக்கடைக் குழியின் வாயில்
ஊதுபெட்டி ஒன்றை வைத்தார்.
இறங்குவதற்குப் பழக்கத்தில் எங்கள் ஆள் ஒருவன்
சட்டையைக் கழற்றினான்.
"நீங்க வேண்டாம். புகை இறங்கும்" என்றார்.

வெள்ளைப் புகை உள்ளே போனது.
காத்திருந்தோம்.
டாக்டர் வீட்டு மாடிக்குழாயில் முதலில் வந்தது.
கல்யாண மண்டபத்தில் நாலு மூலையிலும்.
வேப்பமரத்தடியில் ஒரு விரிசல்,
தரையே பீடி பிடிப்பதுபோல்.
மாடித் தண்ணீரைக் குறுக்குவழியில் விட்ட வீடுகள்
பட்டப்பகலில் நெளிந்தன.
கதவு கதவாகச் சாக்பீஸ் வட்டம்.

நாற்பத்தோராவது, பச்சைக் கேட்.
மொட்டைமாடிக் கொடியில் என் காக்கிச் சட்டை.
அதன் இரண்டு கைகளுக்கு நடுவே
நிதானமாகப் புகை.

கட்டும்போது மேஸ்திரி கேட்டது ஞாபகம் வந்தது:
"ஓடைக்கு இழுத்தா அம்பதடி பைப்புங்.
சாக்கடை பக்கத்துலயே இருக்குது."
"அதுலயே உட்ருங்க" என்றிருந்தேன்.

சகாயராணி ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸை நீட்டினார்.
வட்டம் கோணலாக வந்தது.

சித்திரையில் கோடைமழை கொட்டிய இரவு
ஒரு மணிக்குப் போன்.
"ஏனுங், இன்னும் வரலீங்களே?"
விளக்கைப் போட்டுக் காத்திருக்கிறார்.
கிணற்றை எட்டிப் பார்த்தேன்.
கோட்டுக்கு ஒரு சாண் கீழே.

"வருமுங்க்கா. முப்பத்தாறு வீடு இன்னும் பாக்கி."