ஒன்று புள்ளி நான்கு

மண்ணைக் குத்தினால் கம்பி டொக்கென்று நிற்கும்.
பனிக்கட்டியில் நெளிந்து வழுக்கும்.
பாறை, முழங்கை வரைக்கும் ஏறிவந்து திட்டும்.
ஆளைக் குத்தினால் வேறு மாதிரி:
கொஞ்சம் உள்வாங்கி, கொஞ்சம் திருப்பித் தரும்,
பொங்கிவரும் ரொட்டி மாவில் விரல் வைத்ததுபோல.
ஒவ்வொரு நவம்பரிலும் பழைய மெத்தையைப் புதைத்துவைத்து
இதைப் பழகுகிறோம்.
மெத்தைக்கு அவசரமில்லை.

அன்று மார்ச் எட்டு, மகளிர் விடுமுறை.
குடிலில் லம்சிரா தேநீர்க் கோப்பையொன்றில்
மிமோசாக் கொத்தைச் செருகி வைத்திருந்தாள்.
வாக்கிடாக்கியில் அவளே சொன்னாள்:
மூன்றாம் கோபுரத்துக்கு வடக்கே சரிவு விட்டுவிட்டது.
ஒருவர் மேலே நிற்கிறார்.
ஒருவரைக் காணோம்.

நானும் ஸ்வியாதும் போய்ச் சேர்ந்தபோது
நின்றவன் கத்திக்கொண்டே இருந்தான், குராம், குராம் என்று.
பனி அந்தப் பெயரை வாங்கி
வைத்துக்கொண்டது.

நாற்பது, என்றது கையிலிருந்த கருவி.
முப்பத்தொன்று.
ஓடாதே, அம்பு திரும்புகிறது.
பன்னிரண்டு.
சறுக்குப்பலகையைக் கழற்று.
மூன்று. மண்டியிடு, பனியோடு பனியாகத் தேய்த்துப் போ.
ஒன்று புள்ளி ஒன்பது.
ஒன்று புள்ளி நான்கு.
ஒன்று புள்ளி ஏழு, தாண்டிவிட்டாய், பின்னே வா.
ஒன்று புள்ளி நான்கு.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

ஆறாவது குத்தில் ரொட்டி மாவு.

கம்பியை உருவவில்லை. அப்படியே நிற்கவிட்டு
ஓர் ஆள் நீளம் கீழே தள்ளிப்போய்ப் பக்கவாட்டில் தோண்டினோம்.
அவன்மேல் ஏறி நிற்பது அவன் மூச்சின்மேல் ஏறி நிற்பது.
ஸ்வியாதுக்கு முதுகுவலி உண்டு. அன்று இல்லை.
மறுநாள் இரண்டு நாள் வலியும் சேர்ந்து வந்தது.

பதினொன்றாம் நிமிடம் ஒரு காது.
பிறகு முகம். நீலம் என்பார்கள்; நீலமில்லை,
மழையில் கிடந்த சிமெண்டு மூட்டையின் நிறம்.
தாடை பூட்டிக் கிடந்தது. பிளந்தேன்.
ஊரார் வாய்க்குள் விரல்விட்டுப் பிழைப்பவன்
(திபிலிசியில் பல் வைத்தியனாம், பின்னால் தெரிந்தது)
அவன் வாய்க்குள் என் விரல்.
ஒரு பிடி பனி எடுத்தேன்,
நாக்கின் சூட்டுக்கும் உருகாத பனி.

ஐந்து முறை ஊத வேண்டும்.
முதலாவது போகவில்லை. தலையைச் சரித்தேன்.
இரண்டாவது போனது, நெஞ்சு எழுந்தது.
மூன்று.
நான்கு.
ஐந்தாவதை நான் முடிக்கவில்லை,
அவன் என் முகத்திலேயே இருமினான், காலையில் தின்ற பூண்டு மணக்க.
நான் துடைக்கவில்லை.

உருட்டாதே, உட்காரவைக்காதே.
கைகால்களில் குளிர்ந்த ரத்தம்
நெஞ்சுக்கு அவசரமாகத் திரும்பினால் நெஞ்சு நின்றுவிடும்.
தொடையெலும்பு இரண்டாகியிருந்தது.
கத்தரியை எடுத்தேன்.
"அது புதுக் கால்சட்டை" என்றான்.
பிழைத்தவனின் முதல் வாக்கியம்.
இரண்டாவது: "ஒரு கையுறையைக் காணோம்."

ஸ்லெட்ஜின் கைப்பிடிகளுக்கு நடுவே நான்,
வால்கயிற்றில் ஸ்வியாத்.
எண்பத்தைந்து கிலோ என் முதுகை நோக்கிச் சரிந்துகொண்டிருக்க
பலகையின் விளிம்பால் மலையை அரைத்து அரைத்து இறங்கினேன்.
பேச்சு நிற்கக்கூடாது. அதனால் கேட்டேன்.
என்ன நிறம்?
பச்சை.
எந்தக் கை?
இடது.
யார் வாங்கித் தந்தது?
அதற்கு அழுதான்.
அழுவதும் மூச்சுதான், விட்டுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் கதவு சாத்தியபிறகுதான் என் கை நடுங்கியது.
மிமோசா இருந்த கோப்பையிலேயே
தேநீரை ஊற்றிவிட்டேன்.
லம்சிரா ஒன்றும் சொல்லவில்லை.

ஜூனில் அந்தச் சரிவு புல்.
லிஃப்டின் நாற்காலிகள் சும்மா தொங்க,
கீழே பசுக்கள்.
ஒன்று எதையோ வெகுநேரமாக மென்றுகொண்டிருந்தது.
கடைவாயிலிருந்து பிடுங்கினேன்.
பச்சை.
எச்சிலைப் பிழிந்துவிட்டு
என் கையில் மாட்டிப் பார்த்தேன்.
வலது.

இடது என்றாயே, குராம்.