முள் திரும்பிய தூரம்

ஈத்தவிளையில் சானலுக்குக் குறுக்கே
புதிதாகப் போட்ட பாலத்தின் அடியில்
நாலு டயல் கேஜும் ஒரு டார்ச்சுமாக
இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது என் வேலை.
இடுப்பளவு சேறு. சேற்றில் சாரம்.
சாரத்துப் பலகையில் நான்.

மேலே மணல் மூட்டைகள், அறுநூற்று நாற்பது.
குலசேகரத்துச் சுமட்டுக்காரர்கள் ஆறுபேர்
தலையில் ஏற்றித் தலையால் இறக்கியவை.
நாளைக்கு இதன்மேல் போகவிருக்கும்
ரப்பர் பால் டெம்போ, ஏத்தன்குலை மினிலாரி,
பள்ளிக்கூட வேன், கோயில் கொடைக்கு வரும் செண்டமேளம்
எல்லாருக்கும் பதிலாக
மணல் நடித்துக்கொண்டிருக்கிறது.

உத்திரம் எளிய பிறவி.
இரண்டு பக்கமும் பிடிமானம், நடுவில் தொய்வு.
மேல்தோல் நசுங்கும், அடித்தோல் இழுபடும்,
இரண்டுக்கும் இடையில் ஓர் இழை
நசுங்காமல் இழுபடாமல் சும்மா கிடக்கும்.
கல்லூரியில் அதை வரைந்த நாளிலிருந்தே
அந்த இழைமேல் எனக்குப் பொறாமை.

வளைவுப் பாலம் வேறு ரகம்,
பாரத்தைப் பக்கத்துக் கரைக்குத் தள்ளிவிடும்;
கரை சம்மதிக்க வேண்டும்.
பேச்சிப்பாறையில் அணை
தன் கனத்தையே ஊன்றுகோலாக்கி நிற்கிறது.
மாத்தூரிலோ தொட்டிப்பாலம்
தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டுகிறது,
கீழே ஓடும் தண்ணீருக்கு ஒன்றும் தெரியாமல்.

முதல் மணியில் மூன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்.
நள்ளிரவில் நாலு புள்ளி ஒன்று எட்டு.
விடிந்து வெயில் தளத்தில் விழுந்ததும்
யாரும் தொடாமலே முள் நகர்ந்தது.
வெயிலும் சுமைதான். காற்றும்.
ஆரல்வாய்மொழியில் பிறந்த எனக்கு
அதை யாரும் பாடமாக நடத்தியிருக்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் அக்கரையில் ஒரு மரணம்.
பால்வெட்டுக்காரர் ஏசுவடியான்.
கல்லறைத் தோட்டம் இக்கரையில்.
பாலத்தில் மணல் இருந்தது,
மணல்மேல் என் கையெழுத்து இருந்தது.
"எடுத்துரலாமா?" என்று காண்ட்ராக்டர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பக்கத்தில் பழைய தென்னந்தடிகள் இரண்டு,
கயிற்றால் பிணைத்தவை.
மூட்டை அடுக்கிய அதே ஆறுபேர்
பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.
முன்னால் நின்ற தாசையன்
திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:
"ஒண்ணிச்சு சவுட்டாதீங்கலே.
அடி மாத்தி மாத்தி வையுங்க."

ஒத்த அடி விழுந்தால் பாலம் துள்ளும் என்பதற்கு
எங்கள் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம்.

தடி தொய்ந்தது.
மில்லிமீட்டரில் அல்ல, ஒரு சாண்.
கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது.
நடுவில் ஒரு நொடி எல்லாரும் நின்றார்கள்,
பெட்டி மட்டும் ஆடியது.
பிறகு இக்கரை. பிறகு பாட்டு.
தடி நிமிர்ந்து
கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.
அதன் அடியில் கேஜ் எதுவும் இல்லை.

மறுநாள் மூட்டைகளை இறக்கினோம்.
முள் திரும்பிவரக் காத்திருந்தேன்.
இன்னொரு பகல், இன்னொரு இரவு.
புள்ளி ஏழு ஒன்றில் நின்றுகொண்டது.
தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

மீண்டது எண்பத்துமூன்று விழுக்காடு.
விதி கேட்பது எழுபத்தைந்துதான்.
கால்பங்கு வரை
பாலம் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம்.
மீளாததை எழுதும் கட்டத்தில் எழுதி,
'ஏற்கத்தக்கது' என்று முத்திரை குத்தினேன்.

கூலி வாங்க வந்த தாசையன்
வலத் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்,
"நிமிந்துட்டா மேடம்?"
"ஏறக்குறைய."
"அப்ப கொள்ளாம்."

கேஜ்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
மணல் நீங்கிய பாலம் வெறிச்சென்று கிடக்க
ஏசுவடியானின் மனைவி ஜெஸ்ஸம்மாள்
ரேஷன் அரிசியோடு வந்தவள்
பாலத்தை ஒருதடவை பார்த்துவிட்டு
தென்னந்தடியில் ஏறி நடந்தாள்.