தேய்மானம்

கில்லீன், டெக்சஸ். செவ்வாய், மாலை ஆறு.
பல்கலைக்கழகப் பார்க்கிங்கில் மான்கள்
அனுமதிச் சீட்டு இல்லாமல் நிற்கின்றன.
கடைச் சீருடையைக் காருக்குள்ளேயே மாற்றிக்கொண்டு
முழங்கையில் ரொட்டி மாவோடு ஓடுகிறேன்,
நாற்பத்தெட்டு வயதில்,
கணக்கியல் இரண்டாம் பாகத்துக்கு.

இங்கே இருபது வயதுக்காரனைப் பார்த்தால்
அம்மாவைக் கூட்டிப்போக வந்தவன் என்றுதான் நினைப்போம்.

குவார்ல்ஸ் எப்போதும் இடது சுவரோரம்.
இடது காதை ராணுவத்தில் விட்டுவிட்டு வந்தவர்;
கேட்கிற காது எங்கள் பக்கம் இருக்கட்டும் என்று.
மரிபெல் போனைக் குப்புற வைப்பாள்,
உடனே நிமிர்த்துவாள். பிள்ளைக்குக் காய்ச்சல்.
எங்கள் குழுவில் நாலாவது ஆள் லெமாசூ,
போலந்தில் ஏதோ ஒரு கூடாரத்தில்.
அவன் வீட்டுப்பாடம் மட்டும் வந்து சேரும்,
அவனுடைய அதிகாலை மூன்றரைக்கு:
"மன்னிக்கவும் மேடம், ஜெனரேட்டர் நின்றுவிட்டது."

இன்று தேய்மானம்.
ஒரு லாரி. விலை அறுபதாயிரம் டாலர்.
பயன்படும் ஆயுள் எத்தனை?
பேராசிரியை பலகையில் ஐந்து என்று எழுதி
'ஆண்டு' போடுமுன்
குவார்ல்ஸ் சொன்னார்: "பதினோரு நாள்."

சிரித்துவிட்டோம். நானும்தான்.
"ஓட்டினது நான்" என்றார்,
டயர் மாற்றியதைச் சொல்வதுபோல.

முகாம் பக்கம் பீரங்கிப் பயிற்சி.
ஜன்னல் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.
எனக்கு ஏனோ நகைக்கடை பில் ஞாபகம் வந்தது.
செய்கூலி ஒரு வரி, சேதாரம் ஒரு வரி.
தட்டும்போது உதிர்ந்த பொடிக்கும்
யாரோ ஒருவர் காசு கட்டத்தான் வேண்டும்.

பேராசிரியை மார்க்கர் மூடியைத் திறந்தாள், மூடினாள்.
ஐந்தை அழித்தாள்.
"சரி. பதினோரு நாள். மீதி மதிப்பு?"

நெடுநேரம் யோசித்தார்.
"பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று.
என் கராஜில் இருக்கிறது."
மரிபெல் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறவள்;
போனிலிருந்து நிமிராமலே
"நாற்பது டாலர்" என்றாள்.
அவர் அதையே எழுதிக்கொண்டார்.

ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதைப்
பதினொன்றால் வகுத்தோம்.
ஒரு நாளுக்கு ஐயாயிரத்து நானூற்று ஐம்பது,
புள்ளி, ஒன்பது, சுழியம், ஒன்பது, சுழியம்...
கால்குலேட்டரின் ஓரம்வரை போய்
அங்கேயும் முடியவில்லை.

பையைத் தூக்கும் நேரத்தில்
லெமாசூவின் விடை வந்தது.
லாரியின் ஆயுள்: ஐந்து ஆண்டு. புத்தகத்தில் உள்ளபடி.
திருத்தச் சொல்லலாமா என்று கேட்டேன்,
அவருடைய வலது காதுப் பக்கம் போய்.

"வேண்டாம்" என்றார் குவார்ல்ஸ்.
"அவனுக்கு ஐந்தே இருக்கட்டும்."