நாற்பத்தொரு செக்கன்

நாலங்குலப் பிளாஸ்ரிக் குழாய்
அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட.
"கிணத்துக்கோ?" என்றார் கடைக்காரர்.
ஓம் என்றேன்.
அன்றைக்கு அது பொய்.

பகல் முழுக்க ஆஸ்பத்திரியில்
மற்றவர்களின் எலும்பைப் படம் பிடித்துவிட்டு
இரவில் சாப்பாட்டு மேசையில்
ஒரு குழாய்க்குள் எலும்பு வைத்தேன்.
அறுபது மில்லிலீற்றர் சிறிஞ்ச் இரண்டு:
தண்ணீரை உறிஞ்சினால் தாழும்,
துப்பினால் மிதக்கும்.
தத்துவம் அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் ஒழுக்கு.

ஸ்ரான்லி வீதிப் பட்டறையில் யோகேந்திரராசா
மூடியை மூன்று தரம் கடைந்தான்.
முதலாவது இறுகவில்லை.
இரண்டாவது இறுகி, கழரவில்லை.
மூன்றாவதைத் தரும்போது
"குண்டோ அக்கா?" என்று கேட்டு
தானே சிரித்து
தானே நிறுத்திக்கொண்டான்.

புறக்கோட்டையில் பழைய றிமோட் ஒன்று
முழநீள ஏரியலோடு கிடைத்தது.
அன்றிரவு இவர் சொன்னார்:
"வயர், பற்றறி, றிமோட்,
மூண்டையும் ஒரே பையிலை கொண்டு திரியாதை."
சண்டை முடிந்து பதினைந்து வருசம்.
நானும் மறுத்துப் பேசாமல்
மூன்று பை தைத்தேன்.

பாசையூரில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு
நிறுத்து வாங்கினேன்.
உடுப்புத் தோய்க்கிற தொட்டியில்
மூக்கில் இரண்டு, வாலில் மூன்று,
வாலில் ஒன்றை எடுத்து நடுவில்.
சனிக்கிழமை முழுக்க
ஐந்து கிலோவோடு
பத்துக் கிராமுக்காகச் சண்டை.
மாலையில் அது மேலேயும் வராமல்
கீழேயும் போகாமல்
நடுத்தண்ணீரில் நின்றது.
கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.
நின்றது.

அடுத்த சனி, மூடி ஒழுகி
உள்ளே இருந்த றிசீவர் செத்தது.
அரிசிப் பானைக்குள் நாலு நாள் புதைத்தேன்.
அரிசி மணத்தது.
எல்லாவற்றையும் லாச்சியில் போட்டு
அடித்துச் சாத்தினேன்,
பதினொரு மாதம்.

மனம் மாறியதற்குப் பெரிய காரணம் இல்லை.
நகவெட்டி தேடிய ஒரு ஞாயிறு
லாச்சி திறந்தது.
மூடியின் பள்ளத்தில் தலைமயிர் ஒன்று
வளையத்துக்குக் குறுக்கே கிடந்தது.
என்னுடையதுதான்.
பாதி நரைத்திருந்தது.

குருநகர் இறங்குதுறைக்குக் கொண்டுபோனேன்.
உப்புத்தண்ணீருக்குள் றேடியோ போகாது என்று
வாசித்திருந்தேன்.
வாசித்ததை எல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான்.
ஒரு சாண் தாழ்ந்ததும்
சுக்கான் கேட்கவில்லை, மோட்டர் கேட்கவில்லை.
நல்லகாலம், தூண்டில் நூல் கட்டியிருந்தது.
இழுத்தெடுக்கையில் படகிலிருந்து ஒருவன்
"என்ன மீனக்கா, விலை சொல்லுங்கோ" என்றான்.

அதனால்தான் உரும்பிராய்,
ரஜீவதியின் வெங்காயத் தோட்டக் கிணறு.
கார்த்திகை மழைக்குத் தண்ணீர்
கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.
"மேலைதான் நல்லதண்ணி," என்றாள் அவள்,
"கீழை சவர்."

நூல் கட்டவில்லை.
மஞ்சள் முதுகு பச்சையானது,
பச்சை கறுப்பானது,
பிறகு தண்ணீர் மட்டும்.
வலக்கை நெம்பை அசைத்தேன்.
கிணறு ஒன்றும் சொல்லவில்லை.

சவருக்குள் போயிருக்க வேண்டும்.
தொடர்பு அறுந்தால்
முப்பதாவது செக்கனில் சிறிஞ்ச் இரண்டும்
தாமாகத் துப்ப வேண்டும்.
அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.
எழுதியது நான் என்பதால்
எண்ணத் தொடங்கினேன்.

இருபத்தொன்பது. முப்பது.
முப்பத்தொன்று என்று ஓர் எண் இருப்பதே
எனக்குப் பிடிக்கவில்லை.
முப்பத்தாறில் ரஜீவதி
வாளிக்கயிற்றைக் கையில் எடுத்தாள்.
நாற்பதில் பம்பியை நிற்பாட்டச் சொல்லிக் கத்தினேன்.
பம்பி ஓடவே இல்லை.

நாற்பத்தொன்றில்
மூக்காலே வரவேண்டியது
வாலாலே வந்தது,
பாசியை இழுத்துக்கொண்டு,
ஒரு பக்கம் சரிந்து,
விசிறி இன்னும் சுற்றியபடி.

"சரி," என்றாள் ரஜீவதி,
"இனி இதை வைச்சு என்ன செய்யப் போறாய்?"
தவாளிப்பில் குந்தி
மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
கேள்வி காதில் விழுந்தது.

கொப்பியில் அன்றைய பக்கம்:
பின்மூடி. உள்ளே இரண்டு துளி.
நக்கிப் பார்த்தேன், உப்பு.
நாளைக்குப் புது வளையம்.